கைக்கு விசா வேண்டாம்

+

பிரேசர் டவுன், பெங்களூரு
8 ஜூன் 2025

அன்புள்ள ஆஞ்சலாவுக்கு,

அக்கா பியாட்ரிஸ் எழுதுவது. இங்கே நானும் உன் மகள் பிரிஜெட்டும் சுகம். நீ சுகமா என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ போட்ட சத்தத்தைக் கேட்டால் உடம்பில் நல்ல தெம்பு இருப்பதாகவே தெரிகிறது.

இனிமேல் நமக்குள் போன் வேண்டாம். போனில் உனக்கும் எனக்கும் பேச வரவில்லை, கத்தத்தான் வருகிறது. நடுவில் அந்தப் பிள்ளை போனைப் பிடுங்கி வைத்துவிட்டு அழுகிறது. அதனால் தாளில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நீயும் அப்படியே செய். எழுதும்போது கோபம் பாதி கையிலேயே இறங்கிவிடுகிறது. பிரிஜெட்டிடம் மட்டும் தினமும் பேசு.

சேதி ஒன்று. அல்சூர் ஹோட்டலில் லினன் ரூம் வேலையை விட்டுவிட்டேன். பதினாறு வருஷம் அங்கே டவலும் பெட்ஷீட்டும் மடித்தும் பதினாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஏறவில்லை. இப்போது சேர்ந்திருக்கும் இடத்தில் பத்தொன்பதாயிரம். காலை ஏழு மணிக்கு வேன் வந்து, ஆனேக்கல் போகும் வழியில் ஒரு பெரிய கட்டடத்துக்குக் கொண்டுபோகிறது. ஏ.சி. ஹால், முப்பது மேஜை, மேஜைக்கு ஒரு பெண். நெற்றியில் பட்டி கட்டி, அதில் ஒரு சின்னக் கேமரா. அங்கேயும் நாள் முழுக்க டவல்தான் மடிக்கிறேன். மடித்ததைக் குலைத்து மறுபடி என்னிடமே தருகிறார்கள். யாரும் குளித்துத் துடைக்காத டவல்! எதற்கு என்று கேட்டேன். எங்கள் சூப்பர்வைசர் கிரண் என்று ஒரு கன்னடக்காரர், "அக்கா, உங்க கையப் பார்த்து மெஷின் கத்துக்கும்" என்றார். "நல்லா கத்துக்கட்டும், எங்க வீட்டுப் பொண்ணு கத்துக்க மாட்டேங்குது" என்றேன். ஹாலே சிரித்தது.

பிரிஜெட் பத்தாவது போய்விட்டாள். கணக்கில் மட்டும் உன்னை மாதிரியே. வேளைக்குச் சாப்பிடு.

அன்பு அக்கா
பியாட்ரிஸ்

---

+

ஸ்லீமா, மால்டா
22 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. போனில் கத்தினேன், ஒப்புக்கொள்கிறேன். பத்து மணி நேரம் சலவைக்கூடத்தில் நின்றுவிட்டு வந்தவளிடம் "அங்க உனக்கென்ன, ராணி மாதிரி" என்று நீ சொன்னால் யாருக்குத்தான் கத்த வராது?

ராணி இருக்கும் இடத்தைச் சொல்கிறேன். ஹோட்டலுக்குக் கீழே, தரைக்கு அடியில், ஜன்னல் இல்லை. மேலே வெள்ளைக்காரர்கள் கடலைப் பார்க்கிறார்கள். கீழே நாங்கள் ஏழு பேர். ஆறு பேர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். ஒருத்தி மட்டும் இந்த ஊர்க்காரி, கார்மென், உன் வயது. நான் வந்த முதல் வருஷம் அவள் என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. பிறகுதான் காரணம் சொன்னாள். முன்பு இந்தக் கூடத்தில் வேலை செய்தவர்கள் எல்லாரும் ஊர்ப் பெண்கள், அவள் தங்கை உட்பட. நாங்கள் குறைந்த கூலிக்கு வந்து நின்றதும் அவர்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். நான் மன்னிப்புக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

செப்டம்பரில் ஏதோ மெஷின் வரப்போகிறது என்று மேனேஜர் சொல்கிறார். "உங்களுக்கு ஒத்தாசைக்குத்தான்" என்றார். அவர் ஒத்தாசை என்று சொல்லும்போதெல்லாம் யாருக்காவது வேலை போகிறது.

ஜனவரி 20-ல் என் பெர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டும். அன்றைக்கு இந்த ஹோட்டல் வேலை என் கையில் இருந்தால்தான் முடியும். அது முடிந்தால் பிரிஜெட்டை இங்கே அழைக்க மனுப் போடலாம் என்கிறார்கள். மூன்று வருஷமாக அந்த ஒரு தேதிக்காகத்தான் இந்தச் சூட்டில் நிற்கிறேன்.

புது வேலைக்குப் போவதை என்னிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். நீ மடிப்பதையெல்லாம் எங்கே அனுப்புகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுச் சொல்.

உன் தங்கை
ஆஞ்சலா

---

+

பிரேசர் டவுன்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஆஞ்சலாவுக்கு,

கேட்டேன். "ஃபாரின் கிளையன்ட் அக்கா, எனக்கும் கொத்தில்ல" என்று கிரண் கையை விரித்துவிட்டார். அவருக்கே தெரியாதாம். தெரியாமலேயே எங்களை முப்பது பேரை மேய்க்கிறார்.

போன வாரம் ஒரு கூத்து. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் என் கையையே எனக்குக் காட்டினார். "டவல் மடிச்ச அப்புறம் கட்டை விரலால ஏதோ பண்றீங்களே, அது ஏனு?" என்றார். "நான் ஒண்ணும் பண்ணலையே" என்றேன். மெதுவாக ஓட்டிக் காட்டினார். பார்த்தால், ஒவ்வொரு டவலையும் மடித்து முடித்ததும் என் கட்டை விரல் அதன்மேல் மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு போடுகிறது. சிலுவை! எனக்கே தெரியாமல், நாளுக்கு ஐந்நூறு தடவை.

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா கோயில் பீடத் துணிகளைத் துவைத்து மடிக்கும்போது செய்வாளே, அதேதான். மடித்த துணியை அப்படியே வைத்தால் நம் முதுகில் அடிப்பாள். அவளுக்குப் பிறகு சனிக்கிழமைதோறும் கோயிலில் நான்தானே மடிக்கிறேன். கை பழகிவிட்டது. கிரணிடம் விளக்கினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இதுவரைக்கும் எடுத்ததெல்லாம் போயாச்சு அக்கா. யாரும் கேட்கல, விடுங்க" என்றார். சரி, விட்டுவிட்டேன்.

கோபம் எனக்கு வேறு விஷயத்தில். முந்தாநாள் யாரோ பெரிய மனிதர்கள் வந்தார்கள். ஒரு வெள்ளைக்காரர், ஒரு நம்மவர். நம்மவர் அமெரிக்கா போய்ச் செட்டிலானவராம், தமிழ் பேசினார். எங்களைச் சுற்றி வந்தார், என் கைக்கு நேராகப் போனை நீட்டி வீடியோ எடுத்தார். "பியூட்டிஃபுல் ஹேண்ட்ஸ்" என்றார். என் முகத்தைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்லவில்லை. மாட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்கும்போது மாட்டின் முகத்தைப் பார்ப்பார்கள்.

அக்கா
பியாட்ரிஸ்

---

+

ஸ்லீமா
10 செப்டம்பர் 2025

பியாட்ரிஸ் அக்காவுக்கு,

முந்தாநாள் எட்டாம் தேதி. அங்கே சிவாஜிநகரில் மாதா திருவிழா, இங்கேயும் விடுமுறை. நேற்றுக் காலை கீழே இறங்கினால் மெஷின் வந்து நிற்கிறது. ஒரு மேஜை, இரண்டு கை, மேலே கேமரா. தலை இல்லை. மேனேஜர் கூடையைக் கவிழ்த்தார். அது ஒரு டவலை எடுத்து உதறியது, மூன்றாக மடித்தது, திருப்பியது, மறுபடி மடித்தது. ஓரத்தை உள்ளே செருகும் அந்த அல்சூர் ஹோட்டல் மடிப்பு. நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

பிறகு அதன் கட்டை விரல் டவலின்மேல் போனது. மேலிருந்து கீழே. குறுக்கே.

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. கார்மென் உடனே நெற்றியில் கை வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் அந்த ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் கை அக்கா! கடல் தாண்டி வந்து, என் மேஜையில், என் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

மாலைக்குள் நான்கு பேரை அனுப்பிவிட்டார்கள். இரண்டு நேபாளப் பெண்கள், ஒரு பிலிப்பைன்ஸ்காரி, ஒரு கொலம்பியாக்காரர். ஐந்தாமவன், நேபாளத்து ஆள்தான், யாரும் போகச் சொல்லாமலே அந்த நேபாளப் பெண்களோடு கிளம்பினான். மிச்சம் கார்மெனும் நானும். நாங்கள் ஏன் மிச்சம் தெரியுமா? அந்தச் சிலுவையால்தான். ஒரு டவலுக்கு ஒன்றரை வினாடி கூட ஆகிறது. ஒரு நாளைக்கான துணி முடியாமல் குவிகிறது, மீதியை நாங்கள் மடிக்கிறோம். மேனேஜர் கம்பெனிக்குப் புகார் எழுதிவிட்டார்.

எனக்கு இங்கே மாதம் ஆயிரத்து நூறு யூரோ. அதையே அதிகம் என்கிறார்கள். அதில் ஆறில் ஒரு பங்கை உனக்குக் கொடுத்து உன் கையை எடுத்துக்கொண்டார்கள். உன்னை இங்கே அழைத்தால் சம்பளம், அறை, பெர்மிட், காய்ச்சலுக்கு லீவு எல்லாம் தர வேண்டும். ஆள் வேண்டாமாம், கை மட்டும் போதுமாம். கைக்கு விசா வேண்டாம்.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். சிலுவை இல்லாமல் மறுபடி மடித்துக் கொடு என்று கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். ஜனவரி 20 வரை முடியாது என்று சொல். அது மட்டும் போதும்.

நீ மாட்டேன் என்று சொன்னாலும் காரணம் எனக்குத் தெரியும். எனக்குப் பெர்மிட் கிடைத்தால் பிரிஜெட் உன்னை விட்டு வந்துவிடுவாள். உனக்கென்று பிள்ளை இல்லை. அதுதானே?

ஆஞ்சலா

---

+

பிரேசர் டவுன்
21 செப்டம்பர் 2025

ஆஞ்சலாவுக்கு,

உன் கடிதத்தின் கடைசி நான்கு வரியைப் பதினோரு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பிள்ளை இல்லைதான். உன் பிள்ளைக்கு மூன்று வருஷமாக டிபன் கட்டி, ஜன்னி வந்தபோது ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஓடி, பள்ளிக்கூடத்தில் "மதர்" என்று போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். திருடுவதற்காகத்தான் போட்டேன் என்கிறாய். நன்றாக இருக்கிறது.

நீயும் நானும் சேர்ந்துதானே ஏஜென்ட் ஹெர்பர்ட்டிடம் போனோம்? எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது என்று கழித்தார். உன்னை டவல் மடித்து வீடியோ அனுப்பச் சொன்னார். நீ ஒரு டவலுக்கு ஒரு நிமிஷம் எடுத்தாய். நீ அழுதாய். அந்த வீடியோவில் முழங்கைக்குக் கீழே தெரிந்தது யார் கை? வளையலைக்கூட உன்னுடையதை வாங்கிப் போட்டுக்கொண்டேன். மால்டாவுக்கு உன்னை அனுப்பியதும் இந்தக் கைதான். அன்றைக்கு இது உனக்கு இனித்தது. இன்றைக்கு இதே கை வந்து நின்றதும் கசக்கிறதா?

நீ சொன்னபடியே கேட்டுவிட்டார்கள். முந்நூறு மணி நேரம், சிலுவை இல்லாமல். "கிளையன்ட் கம்ப்ளெயின்ட் அக்கா" என்கிறார் கிரண். நான் மாட்டேன் என்றால் அடுத்த மேஜை மமதா செய்வாள். அவளுக்கும் என் மடிப்பு முக்கால்வாசி வந்துவிட்டது.

ஒன்று சொல்கிறேன், எனக்கு வயிறு எரிவதே அதற்குத்தான். நீ ஆயிரத்து நூறு யூரோவைக் காட்டுகிறாய், நான் பத்தொன்பதாயிரம் ரூபாயைக் காட்டுகிறேன். இரண்டு பேரும் ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்துக்கொண்டு நிற்கிறோம். "பியூட்டிஃபுல் ஹேண்ட்ஸ்" என்றானே, அவனுக்கு எவ்வளவு? அவனும் இங்கேயிருந்து விசா வாங்கிப் போனவன்தான். அவனுக்குக் கதவைத் திறந்து வைத்தார்கள். உன்னை அடித்தளத்தில் போட்டார்கள். என்னிடம் கையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அவனைக் கேட்க உனக்கும் எனக்கும் வழி தெரியவில்லை. அதனால் நீ என்னைக் கேட்கிறாய்.

கேட்டதற்குப் பதில் சொல்ல மாட்டேன். நீ எழுதியதற்குப் பதில் கிடையாது.

பியாட்ரிஸ்

---

+

ஸ்லீமா
2 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

ஆறு வாரம் எழுதவில்லை. வெட்கமாக இருந்தது.

இன்று கல்லறைத் திருநாள். நீயும் பிரிஜெட்டும் அம்மா கல்லறைக்குச் சாமந்தி கொண்டுபோயிருப்பீர்கள். பிரிஜெட்டைப் பற்றி நான் எழுதிய அந்த வரியை எழுதியிருக்கவே கூடாது. பயத்தில் எழுதினேன். அவள் காய்ச்சலில் "பெரியம்மா" என்றுதான் முனகினாள் என்று நீயே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னாய். அன்று எனக்குப் பொறாமை வந்தது. உன்மேல் போட்ட பழி உண்மையில் என்னுடையது. மன்னித்துவிடு அக்கா. வீடியோ விஷயமும் உண்மை. எல்லாம் உண்மை.

ஒன்று சொன்னால் சிரிப்பாய். அந்த மெஷின்மேல் எனக்குக் கோபம் போய்விட்டது. அந்தச் சிலுவையை நான் விட்டு மூன்று வருஷம் ஆகிறது. வந்த முதல் வாரமே "நேரத்தை வீணாக்காதே" என்று மேனேஜர் அதட்டினார், அத்தோடு விட்டேன். இப்போது நாள் முழுக்க எனக்குப் பக்கத்தில் நின்று அது போடுகிறது. கார்மென் கூடவே ஜெபம் முணுமுணுக்கிறாள். காலையில் கீழே இறங்கும்போது நீ முன்னாலேயே வந்து வேலையை ஆரம்பித்துவிட்ட மாதிரி இருக்கிறது. நேற்று யாரும் இல்லாதபோது அந்த விரலைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

பெர்மிட்டுக்குக் காகிதங்கள் எல்லாம் கொடுத்துவிட்டேன். இன்னும் எழுபத்தொன்பது நாள். கெஞ்சிக் கேட்கிறேன். ஜனவரி 20 தாண்டட்டும், பிறகு நீ என்ன வேண்டுமானாலும் செய். ஒரு வரி பதில் போடு. திட்டியாவது போடு.

உன் தங்கை
ஆஞ்சலா

---

+

ஸ்லீமா
3 டிசம்பர் 2025

அக்கா,

நேற்று மாலை யாரோ வந்து மெஷினில் ஏதோ மாற்றிவிட்டுப் போனார்கள். இன்று காலை கீழே இறங்கினேன். அது டவலை எடுத்தது, மடித்தது, ஓரத்தைச் செருகியது. நான் காத்திருந்தேன்.

விரல் அசையவில்லை. அடுத்த டவலுக்குப் போய்விட்டது.

பத்து டவல் பார்த்தேன். இருபது பார்த்தேன். கார்மென் என் முகத்தைப் பார்த்தாள். மதியத்துக்குள் கூடை காலி. எனக்குச் செய்ய வேலை இல்லை. இந்த மாதக் கடைசியோடு சரி என்று மேனேஜர் காகிதம் கொடுத்துவிட்டார்.

என் கடிதத்துக்கு நீ ஏன் பதில் போடவில்லை என்று இப்போது தெரிகிறது. இனி எனக்கு எழுதாதே. நான் வரும் தேதியைப் பிரிஜெட்டிடம் சொல்கிறேன்.

ஆஞ்சலா

---

பிரேசர் டவுன்
14 டிசம்பர் 2025

ஆஞ்சலாவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் அழித்தாலும் அழி.

நான்தான் செய்தேன். மமதா இல்லை. செப்டம்பர் 21-ல் உனக்கு அந்தக் கடிதத்தை அனுப்பினேன், மறுநாள் காலையிலேயே கிரணிடம் போய் "நான் ரெடி" என்றேன். அவர் கூடுதல் பணம் என்று ஏதோ சொன்னார். காதில் விழவில்லை. பணத்துக்காகச் செய்தேன் என்று சொன்னால் உனக்குப் பாதி சமாதானம் ஆகும், ஆனால் அது பொய். கோபத்தில் செய்தேன். "உனக்கென்று பிள்ளை இல்லை" என்ற வரியை நினைத்து நினைத்து மடித்தேன். எங்கோ இருக்கிற அந்த 'பியூட்டிஃபுல் ஹேண்ட்ஸ்' ஆளை அடிக்க முடியவில்லை. உன்னைத்தான் அடிக்க முடிந்தது.

கட்டை விரலில் ஒரு மோதிரம் மாட்டினார்கள். மடித்தபின் விரல் அசைந்தால் 'பீப்' என்று கத்தும், அந்த டவல் செல்லாது. முதல் நாள் முழுக்கக் கத்தியது. மமதா காதைப் பொத்திக்கொண்டு "போதும் அக்கா, விட்டுடுங்க" என்றாள். நான் விடவில்லை. இரண்டாவது வாரம் கத்துவது நின்றது. அக்டோபர் 28-ல் முந்நூறு மணி நேரமும் முடிந்தது. உன் மன்னிப்புக் கடிதம் வந்தது நவம்பர் இரண்டில். கல்லறையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று படித்தேன். என்ன பதில் போடுவேன், சொல்லு? அந்த விரலைத் தொட்டுப் பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். அதற்கு நான் என்ன எழுதுவேன்?

நவம்பர் 28-ல் "போதுமான அளவு எடுத்தாகிவிட்டது" என்று எங்கள் முப்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிரணையும் சேர்த்துத்தான். வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அல்சூர் ஹோட்டலில் போய்க் கேட்டேன். என் இடத்தில் அஸ்ஸாமிலிருந்து வந்த ஒரு பெண், பன்னிரண்டாயிரத்துக்கு. அவளைத் திட்ட வாயெடுத்தேன். கார்மெனின் தங்கையைப் பற்றி நீ எழுதியது ஞாபகம் வந்தது. அவளுக்கும் இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ. அந்த மெஷின் அல்சூருக்கு வர விசா கேட்கப்போவதில்லை.

நேற்று சனிக்கிழமை. கோயிலில் கிறிஸ்துமஸுக்கான பீடத் துணிகளை மடித்து, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. திரும்பப் போய், சாவி வாங்கி, ஒவ்வொரு துணியாக வெளியே எடுத்தேன். பதினெட்டுத் துணி. ஒன்றின்மேலும் போடவில்லை. கை அப்படியே மடித்து அப்படியே வைத்திருக்கிறது. வேண்டுமென்றே போட்டுப் பார்த்தேன். அடுத்தவள் கையெழுத்தைப் பார்த்துப் போடுகிற மாதிரி இருந்தது. மறுபடி மறுபடி போட்டேன். வரவில்லை ஆஞ்சலா. பதினெட்டையும் மடியில் வைத்துக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்து அழுதேன்.

நீ வரும் தேதியைப் பிரிஜெட் சொன்னாள். ஏர்போர்ட்டுக்கு அவளை அனுப்புகிறேன், நான் வரவில்லை. சாவி வழக்கமான இடத்தில் இருக்கும். அவளை அழைத்துக்கொண்டு வேறு வீடு பார்ப்பதானால் பார். தடுக்க மாட்டேன். பத்தாவது பரீட்சை முடியட்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அதுவும் அவளுக்காகத்தான்.

போட்டோ எடுப்பதற்காகத் தாளைத் திருப்பி முதல் பக்கத்தைப் பார்த்தேன். மேலே சிலுவை போடாமலே ஆரம்பித்திருக்கிறேன். எழுதத் தெரிந்த நாளிலிருந்து ஒரு தாளிலும் அதை விட்டதில்லை. இப்போது போட்டுவிடலாம், இடம் இருக்கிறது. போடவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

பியாட்ரிஸ்